முகம் பார்க்கும் கிளிகள்

டிவியில் ஒரு மாதிரியான காட்சி வந்தால் என் வீட்டுக்காரருக்கு உடனே தாகம் எடுத்துவிடும். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போவார். பிள்ளைகள் இருந்தவரை சரி. அவர்களும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். இப்போது யாருக்குப் பயந்து குடிக்கிறாரோ!

எங்கள் காலத்துப் படங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கதாநாயகி கால் விரலால் தரையைக் கீறுவாள். அடுத்து இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு உரசும். அதற்கே தியேட்டரில் விசில் பறக்கும். கல்யாணமான புதிதில் அப்படி ஒரு படம் பார்த்தோம். அந்த வாரமே, பீங்கான் பேக்டரியில் சூளை வேலை பார்த்த இவர், கழித்துப் போட்ட பொம்மைகளில் இரண்டு கிளிகளைக் கேட்டு வாங்கி வந்து சமையலறை அலமாரியில் வைத்தார். மாமியார், கொழுந்தனார்கள் என்று எட்டுப் பேர் இருந்த வீட்டில் பேச ஏது இடம்? கிளிகள் முகம் பார்த்து நின்றால் ஆசை இருக்கிறது என்று அர்த்தம். முதுகு காட்டினால் இன்றைக்கு வேண்டாம். பெரும்பாலும் திருப்பி வைத்தது நான்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. மாமியார் தூசி தட்டும்போது மாற்றி வைத்து எங்களைத் திண்டாட விட்டதும் உண்டு. எவ்வளவு சிரித்திருக்கிறோம்!

மூன்று வருஷத்துக்கு முன் இவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். "நான் குறட்டை விடுவேன், நீ தூங்கு" என்று கூடத்துக் கட்டிலுக்குப் போனவர்தான். கிளிகள் முதுகு காட்டியே நிற்கின்றன. பழசெல்லாம் எனக்கு வேண்டாம். பக்கத்தில் அவர் மூச்சு கேட்டால் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படத்தில் ஒருத்தி புருஷனிடம், "எனக்கு நீ வேணும், இப்பவே" என்றாள். கடையில் கத்தரிக்காய் கேட்பது மாதிரி. இவர் எழுந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னாங்க, இனிமே உள்ள வந்து படுங்க. தனியா படுக்க எனக்குப் புடிக்கல."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டார். கேட்டிருக்கவே கூடாது என்று உடம்பெல்லாம் கூசியது. டிவியை அணைத்தேன். வெகுநேரம் டம்ளர் சத்தமே வரவில்லை. பயந்துபோய் ஓடினேன்.

ஈரத்துண்டால் கிளிகளைத் துடைத்து, எதிரெதிரே வைத்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்குது பானு. எனக்கு ஏதாச்சும் ஆயி, பக்கத்துல நீ பாத்து பயந்துட்டா?"

"தனியா கெடந்து ஏதாச்சும் ஆனா மட்டும் பயப்பட மாட்டனா?"

ஒரு கிளியைத் தடவினார். "இதுக்கு மூக்கு ஒடஞ்சிருக்குது."

"நீங்க கொண்டாந்தப்பவே ஒடஞ்சிதாங்க இருந்துது."

கூடத்துக்குப் போய்த் தன் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தார்.