இறங்க ஆளில்லாத பஸ்

தமிழ்வாணி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். மதியத்துக்கு எல்லோருக்கும் பிரியாணி வாங்கி வைத்திருந்தார்கள். அவளுடைய பொட்டலம் மட்டும் பிரிக்காமல் கிடந்தது.

ஜெனிஷா அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

கே.கே. நகரில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து, அவளும் சூரியபிரகாஷும் மூன்று வருடமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. கதையும் வசனமும் ஜெனிஷாவுடையவை, புரோகிராம் முழுக்க சூரியாவுடையது. கேமின் பெயர் 'கடைசி நடை'. கண்மாய் உடைந்து ஊர்களுக்குள் தண்ணீர் ஏறுகிறது. இருப்பது ஒரே ஒரு டவுன் பஸ். விளையாடுகிறவர்தான் டிரைவர். ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி, மலையடிவாரத்து மேட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எல்லோரையும் காப்பாற்ற முடியாது. ஒருவருக்காகத் திரும்பிப் போனால் இன்னொருவர் வீட்டுப் பாதை மூழ்கிவிடும். ஒரு காலைப்பொழுதில் விளையாடி முடித்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை வெளியீடு. அதற்கு முன் முழுசாக விளையாடிக் கருத்துச் சொல்லத்தான் தெரிந்தவர்களை அந்தச் சனிக்கிழமை கூப்பிட்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் சூப்பர் என்றார்கள். மழைச் சத்தம் அப்படியே இருக்கிறது என்றார்கள். பஸ் வளைவில் திரும்பும்போது உடம்பு சாய்கிறது என்று ஒருவர் சாய்ந்து காட்டினார். முடிவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஜெனிஷா மிகவும் நம்பியிருந்தது அந்த முடிவைத்தான். பஸ் மேட்டுக்கு வந்து சேரும். டிரைவர் தனியாக இறங்கி, வந்த வழியே நடந்து வெள்ளத்துக்குள் போவார். திரை இருண்டுவிடும். எழுதிய அன்று அவளே அழுதிருந்தாள்.

அன்று சாயங்காலம் தமிழ்வாணிக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுநாள் ஆராதனையில் போதகர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. கைப்பைக்குள் கையை விட்டு போன் அதிர்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை பொறுக்க முடியாமல், தமிழ்வாணி நர்ஸாக வேலை பார்க்கும் கிளினிக்குக்கே போய் நின்றாள்.

ஊசி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் தமிழ்வாணி அவளை உட்காரவைத்தாள்.

"கோவமெல்லாம் இல்ல ஜெனிஷா. என்னன்னு சொல்லத் தெரியல, அதான் கிளம்பிட்டேன்."

"டிரைவர் சாகுறது பிடிக்கலயாக்கா?"

"சாகட்டும், அதனால என்ன? எத்தனையோ கேம்ல ஹீரோ செத்திருக்கான், நல்லாத்தான் இருந்துச்சு. இது வேற. அந்த அழகம்மாள் இருக்கால்ல, ஆட்ட விட்டுட்டு வரமாட்டேன்னு நிப்பாளே, அவளுக்காக நான் திரும்பத் திரும்பப் போனேன். கடைசியில ஆட்டோட சேத்து ஏத்துனேன். அதுக்குள்ள அந்த வாத்தியார் வீட்டுப் பாதை முங்கிருச்சு. அவரு மொட்டை மாடியில நின்னு கையக் காட்டுறாரு, நான் ரிவர்ஸ் எடுக்குறேன். எனக்கு நெஞ்சு படபடன்னு வந்துருச்சு. சரி, இதுக்கெல்லாம் முடிவுல என்னமோ வரப்போகுதுன்னுதான் ஓட்டுனேன். பாத்தா அழகம்மாளக் காணோம். வாத்தியார் பேச்சே இல்ல. டிரைவர் அவரு பாட்டுக்கு இறங்கி நடக்குறாரு."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் ஜெனிஷாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் யார ஏத்துனேன், யார விட்டேன்னு உன் கேமுக்கே ஞாபகம் இல்ல. அப்ப நான் எதுக்கு அம்புட்டு நேரம் பதறுனேன், சொல்லு?"

ஜெனிஷா பதில் சொல்ல வாயெடுத்தாள். உள்ளேயிருந்து யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். தமிழ்வாணி அவள் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

சூரியா ஒத்துக்கொள்ளவில்லை.

"வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஜெனி. இப்பப் போய் முடிவுல கைவச்சா எங்க எது உடையும்னே தெரியாது. ஒருத்தங்களுக்குப் பிடிக்கலங்கிறதுக்காக மூணு வருச வேலையக் கவுக்கணுமா?"

"மத்தவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு யார் சொன்னா? மழையப் பத்திப் பேசுனாங்க. பஸ் சாயுறதப் பத்திப் பேசுனாங்க. ஒருத்தராவது முடிவப் பத்திப் பேசுனாங்களா?"

சூரியா நாற்காலியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவன் ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். இந்த வாரம் எப்படியும் கேம் வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். போன தடவை தள்ளிப்போட்டதற்கே அவன் அண்ணன் இப்போதும் கேலி செய்துகொண்டிருந்தார்.

"தேதியத் தள்ள மாட்டேன்" என்றான் கடைசியாக. "அதுக்குள்ள முடியும்னா சொல்லு. என்ன வேணும்?"

ஜெனிஷா சொன்னாள். டிரைவர் இறங்கவே வேண்டாம். மேட்டில் கதவு திறக்கட்டும். ஏற்றிவந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கட்டும். இறங்குகிறவர் தன்னுடைய ஆளைத் தேடட்டும். வாத்தியாரை விட்டுவிட்டு வந்திருந்தால், அவரிடம் படித்த பிள்ளை டிரைவரைத் திரும்பிப் பார்த்து "சார் வரலயா?" என்று கேட்கட்டும். டிரைவரிடம் அதற்குப் பதில் இருக்கக் கூடாது. கடைசி ஆள் இறங்கியதும் கேம் முடியட்டும்.

அந்த வாரம் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏறியவர்களும் விடுபட்டவர்களும் மாற மாற வசனமும் மாறியது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணிக்கொண்டது. இறந்துபோனதாகக் காட்டிய பெண் கதவு வழியாகச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். ஒருமுறை எல்லோரும் ஒரே படியில் ஒருவர்மேல் ஒருவர் நின்றார்கள். வியாழக்கிழமைதான் எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கேமை வெளியிட்டார்கள். பட்டனை அழுத்தியது சூரியா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சூரியா போனில் கத்தினான். "ஜெனி, ஆலன் நம்ம கேம லைவா விளையாடப் போறாராம். உடனே வா!"

ஆலன் விளாங்குடிக்காரர். புதுக் கேம்களை யூடியூபில் நேரலையாக விளையாடிக் கிண்டலடிப்பவர். ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள். அவர் சிரித்துவிட்டால் கேம் அவ்வளவுதான். ஜெனிஷா ஆபீஸுக்கு வந்து மூச்சுவாங்க உட்கார்ந்தபோது ஆலன் மழையில் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"மாப்ளைகளா, இன்னைக்கு ஒரு முடிவு பண்ணிருக்கேன். ஒருத்தரையும் ஏத்தப்போறதில்ல. காலி பஸ்ஸ ஓட்டிட்டுப் போய் மேட்டுல நிறுத்துவோம். கேம் என்ன செய்யுதுன்னு பாப்போம்."

சூரியா நாற்காலியை முன்னால் இழுத்தான்.

"யாருமே இல்லன்னா என்ன ஆகும் ஜெனி?"

"என்ன ஆகும்?"

"அதுக்கு நாம ஒண்ணுமே எழுதல. கடைசி ஆள் இறங்குற வரைக்கும் காத்திருன்னுதான் புரோகிராம்ல போட்டிருக்கேன். ஆளே இல்லன்னா, கடைசி ஆளுன்னும் ஒருத்தர் இல்ல. அப்படியே நின்னுரும்."

இப்போது திருத்தி இணையத்தில் ஏற்றினாலும் ஆலன் ஓட்டிக்கொண்டிருக்கும் கேமில் அது மாறாது. செய்வதற்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்து பார்த்தார்கள்.

முதல் ஊரில் கை காட்டியவர்களைப் பார்த்து ஆலன் ஹாரன் அடித்துச் சிரித்தார். அடுத்த ஊரில் பஸ்ஸை அடித்துக்கொண்டே கூட ஓடிவந்த பெண்ணைக் கடந்தபோது, "அய்யய்யோ, சாரிக்கா" என்றார். வாத்தியார் வீடு வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஜெனிஷா சுடிதார் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள். விரல் சிவந்து வலித்தது.

பஸ் மேடேறி நின்றது. கதவு திறந்தது.

மழை பெய்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கதவு திறந்தே கிடந்தது.

"லோடிங்கா?" என்றார் ஆலன். ஓரத்தில் பார்வையாளர்களின் கமெண்டுகள் ஓடின. சூரியா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். கேம் ஹேங் ஆகிவிட்டது என்று அவர் சொல்லப்போகிறார் என ஜெனிஷா காத்திருந்தாள்.

ஆலன் நாற்காலியில் சாய்ந்தார். நெடுநேரம் அந்தத் திறந்த கதவையே பார்த்தார்.

"ஓ" என்றார் மெல்ல. "இறங்க ஆளே இல்லல்ல."

பிறகு அவரே கேமை அணைத்தார். "இப்படி ஒரு முடிவ நான் பாத்ததே இல்ல மாப்ள."

சூரியா துள்ளி எழுந்து அவள் கைகளைப் பிடித்து ஆட்டினான். ஜெனிஷாவும் சிரித்தாள். உடம்பு லேசாகிவிட்டது. ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு செய்தி வந்தது. யாரோ முத்திருளன் என்பவர் எழுதியிருந்தார்: 'நானும் யாரையும் ஏத்தல. கேம் நின்னுபோச்சு. முடிஞ்சதா, கெட்டுப்போச்சான்னு தெரியாம உக்காந்திருந்தேன். ஏமாத்திட்டீங்க.'

"விட்டுரு, தொடாத" என்றான் சூரியா. "ஆலன் அம்புட்டு நல்லா சொல்லிட்டாரு."

"அது நாம எழுதின முடிவு இல்ல சூரியா. அவரா ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சாரு. இவரு கண்டுபிடிக்கல. இவரு மேல தப்பு சொல்ல முடியுமா?"

ரொம்ப நேரம் பேசி, ஒன்றை மட்டும் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். காலி பஸ் எவ்வளவு நேரமானாலும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். திரையில் தெரியும் பட்டனை அழுத்தி விளையாடுகிறவரே கதவை மூடினால் இன்ஜின் நிற்கும், கேம் முடியும்.

மறுநாள் அதைச் சோதித்துப் பார்க்க ஜெனிஷா உட்கார்ந்தாள். யாரையும் ஏற்றாமல் ஓட்ட வேண்டும். முதல் ஊரைக் கடந்துவிட்டாள். இரண்டாவது ஊரில் அந்தப் பெண் பஸ்ஸை அடித்துக்கொண்டே ஓடிவந்தாள். எழுதியவளே ஜெனிஷாதான். இருந்தும் கால் பிரேக்கைத் தேடுவதுபோல் விரல் நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டது. அந்தப் பெண் ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் நிறுத்தினாள்.

"என்னால முடியல, நீ ஓட்டு" என்று சூரியாவுக்கு எழுந்து இடம் கொடுத்தாள்.

சூரியா கை காட்டுகிறவர்களைப் பார்க்காமல், சாலையை மட்டும் பார்த்து ஓட்டி முடித்தான். மேட்டில் கொஞ்சம் காத்திருந்தான். கதவை மூடினான். இன்ஜின் நின்றது. சரியாக வேலை செய்தது. திருத்திய கேமை அன்றே இணையத்தில் ஏற்றிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆலனிடமிருந்து ஒரு வரி வந்தது. 'கதவ மூட வச்சு கெடுத்துட்டீங்களே. முன்ன இருந்ததுதான் நல்லா இருந்துச்சு.'

ஜெனிஷா பதில் எழுத ஆரம்பித்தாள். அழித்தாள். 'மூடாமலும் உக்காந்திருக்கலாம்ணே' என்று எழுதி அனுப்பிவிட்டு, அவர் பார்த்துவிட்டாரா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.