துலாவில் பூட்டிய வில்

ஏரம்புவுக்கு அன்று காலை வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மச்சான் கிணற்று ஏற்றமான துலாவில் ஏறி மிதிக்கவேண்டும். வேறு ஒரு மண்ணும் வேண்டாம்.

உடுப்பிட்டியில் அவருடைய தோட்டக் கிணறு பங்குக் கிணறு. ஏரம்புவின் முறை விடியலிலிருந்து உச்சி வரை. துலாவைத் தாங்கும் துலாக்காலின் நிழல் அடிக்குள் ஒடுங்கியதும், தண்ணீர் அள்ளும் பட்டையைக் கழற்றிக்கொண்டு விலகிவிட வேண்டும். அடுத்த பங்காளி கனகரத்தினம் தன் பட்டையோடு வந்து நிற்பார். முறை தவறி ஒரு பட்டை தண்ணீர் அள்ளினாலும் ஊரைக் கூட்டுகிற மனிதர். ஏரம்பு முதல்நாள்தான் புகையிலைக் கன்றுகளுக்கு எருப் போட்டிருந்தார். இன்று தண்ணீர் பாயாவிட்டால் வெயிலும் எருச்சூடும் சேர்ந்து அத்தனையையும் கருக்கிவிடும். வழக்கமாகத் துலா மிதிக்கிற இராசநாயகமோ காய்ச்சலில் கிடந்தான். லீவில் வந்திருந்த மச்சானை விட்டால் ஆள் இல்லை.

மச்சான் என்றால் மனைவி பத்மாசினியின் தமையன் தியாகராசா. மலாயா றெயில்வேயில் வேலை. மற்றவர்கள் அங்கிருந்து குடையும் பீங்கானும் கொண்டுவருவார்கள். இவர் ஈப்போவில் ஒரு சீனனின் பழைய சாமான் கடையிலிருந்து வில்லொன்றையும் இரண்டு மூன்று அம்புகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மரத்தில் மாட்டுக்கொம்பை ஒட்டிச் செய்த வில். நாண் கழன்று, நண்டுக்கால்போல வளைந்து கிடந்தது. அவர் அதுவரை வில்லைத் தொட்டும் பார்த்தவரில்லை.

“மச்சான், உந்த வில்லுக்கு நாண் பூட்டிப்போட்டு வாறன். ஒருக்காப் பிடியும்,” என்றார் தியாகராசா.

“முதல் இறைப்பம். பிறகு பூட்டுவம்.”

“ஒரு நிமிச வேலை, மச்சான். சும்மா பிடியும்.”

மலாயாவில் நிமிடத்துக்கு எத்தனை மணித்தியாலமோ, ஏரம்புவுக்குத் தெரியாது. பிடித்தார். வில் எந்தப் பக்கம் வளைந்திருந்ததோ அந்தப் பக்கமே நாணைக் கட்டினார்கள். கோயில் தேரில் செதுக்கியிருக்கிற வில்லெல்லாம் அப்படித்தானே இருக்கிறது! தியாகராசா அம்பை வைத்து இழுத்தார். நாண் தொளதொளவென்று வந்தது. அம்பு அவருடைய கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்து படுத்துக்கொண்டது.

“நாண் நீளம் போலை,” என்றார்.

அவிழ்த்தார். முறுக்கினார். முடிச்சுப் போட்டார். திரும்பவும் அவிழ்த்தார். துலாக்காலின் நிழல் குறுகிக்கொண்டே வந்தது. தோட்டத்தின் அந்தத் தொங்கலில், பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்ப மண்வெட்டியோடு நின்ற பத்மாசினி குரல் கொடுத்தாள்.

“இஞ்சாருங்கோ, தண்ணி எங்கை?”

“உன்ரை கொண்ணையைக் கேள்!”

ஏரம்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிணற்றுக்குள் எறிந்துவிடுவதென்றே வில்லைப் பறித்தார். அப்போது பார்த்து அதன் நுனி கண்ணில் பட்டது. முந்தி வைத்திருந்தவனின் நாண் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தத் தழும்பு அவர்கள் நாண் கட்டியதற்கு மற்றப் பக்கத்தில் கிடந்தது.

“ஐசே, இந்த அறுவானை மறுவளமா மடக்கவேணும்!”

அந்த வாயை அவர் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மறுவளமாக மடக்குவது லேசான காரியமா? முழங்காலைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறி இருந்து பார்த்தார்கள். வில் துள்ளித் தியாகராசாவின் தாடையில் ஒரு அறை விட்டது. ஏரம்புவுக்கு அதில் மட்டும் கொஞ்சம் சந்தோஷம்.

“துலாவிலை பூட்டுவம்,” என்று கடைசியில் சொன்னதும் ஏரம்புதான். எப்படியாவது இந்தச் சனியனை முடித்தால் போதுமென்று இருந்தது அவருக்கு.

பட்டையைக் கழற்றி வேலிப் பூவரசில் மாட்டினார்கள். வில்லின் இரண்டு நுனிகளையும் ஆடு கட்டுகிற முளைகளில் இறுக்கி, நடுப்பிடியைத் துலாக்கயிற்றில் கட்டினார்கள். ஏரம்பு துலாவில் ஏறிப் பின்பக்கமாக நடந்தார். முன்பக்கம் எழும்ப, வில் முனகிக்கொண்டு மறுவளமாக வளைந்தது. தியாகராசா நிலத்தில் படுத்து நாணைக் கொளுவினார். அன்று காலை அந்தத் துலாவை ஆள் மிதித்தது அதற்கு மட்டும்தான்.

தியாகராசா விட்ட அம்பு விர்ரென்று போய் வாழைத்தண்டில் ஏறியது.

“சரி மச்சான், வாரும், இறைப்பம்,” என்றார். உண்மையாகவே சொன்னார்.

“பொறும்,” என்றார் ஏரம்பு. “ஒருக்கா.”

அவர் பூவரசின் அடிமரத்தைப் பார்த்துத்தான் விட்டார். அம்பு மேலே தொங்கிய பட்டையின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ஓலைப் பட்டை, என்ன செய்யும்? அந்த அதிர்ச்சியில் நாண் நுனியை விட்டு வழுக்க, வில்லும் துள்ளிப் பழையபடி சுருண்டுகொண்டது.

திரும்பினால் பத்மாசினி நிற்கிறாள். கிழிந்த பட்டையைப் பார்த்தாள். வில் யாருடைய கையில் இருக்கிறது என்றும் பார்த்தாள்.

“நான் அண்ணையை ஏசத்தான் வந்தனான்,” என்றாள்.

ஏரம்பு துலாக்காலின் பக்கம் திரும்பினார். நிழல் துலாக்காலின் அடிக்குள் ஒடுங்கியிருந்தது. கனகரத்தினமும் வந்துவிட்டார், தோளில் பட்டையோடு.

“உச்சியாப் போச்சு, ஏரம்பு. விலகும்,” என்றவரின் கண் வில்லில் போய் நின்றது. “உதென்ன?”

“சீனன்ரை வில்லு,” என்றார் தியாகராசா.

“கொண்டாரும், பாப்பம்.” கனகரத்தினம் தோளிலிருந்த பட்டையைக் கீழே வைத்தார்.

பத்மாசினி புருஷனின் கையிலிருந்த வில்லை வாங்கி நீட்டினாள். “பூட்டிப் பாருங்கோ, அண்ணை. இவை ரெண்டுபேருக்கும் ஏலாமல் போச்சு.”

“உதென்ன, ஒரு நிமிச வேலை!” கனகரத்தினம் பூவரச நிழலில் சப்பாணி கட்டி இருந்தார்.

“அதுக்குள்ளை உங்கடை பட்டையாலை நாங்கள் கொஞ்சம் இறைக்கட்டோ?”

“ஓம், ஓம்,” என்றார் தலை நிமிராமலே. வில் வளைந்திருந்த பக்கமாகவே நாணைக் கட்டத் தொடங்கியிருந்தார்.

தியாகராசாவுக்குப் பொறுக்கவில்லை. “அது மறுவள—”

“அண்ணை,” என்றாள் பத்மாசினி, “நீங்கள் துலாவிலை ஏறுங்கோ.”

தியாகராசா ஏறினார். ஏரம்பு கனகரத்தினத்தின் பட்டையை எடுத்துக் கயிற்றில் கட்டினார். வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கி, முதல் பாத்தி நிறையும்போது நிழலிலிருந்து குரல் வந்தது.

“நாண் நீளம் போலை.”