முதல் மாடலின் பொன்கோடு

பெயிண்டருக்குத் தலைக்கனம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், இருப்பதைத்தானே சொல்கிறார்கள். லாரியோ வேனோ கடைப் பலகையோ, எதன்மேல் கோடு இழுத்தாலும் முடிந்தவுடன் நாலடி பின்னால் போய் இடுப்பில் கைவைத்து நிற்பாள். போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "ஸ்கேலை வச்சுப் பாருங்க, ஸ்கேல்தான் கோணலா இருக்கும்" என்பாள். யாராவது புகழ ஆரம்பித்தால் போதும் என்று தடுக்கிற பழக்கமே அவளிடம் கிடையாது. அவர்கள் ஓய்ந்துபோனால் விட்ட இடத்திலிருந்து அவளே எடுத்துக்கொடுப்பாள்.

அவளுடைய மாமனார் இதற்கு நேர் எதிர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆசாமி. அந்த வாய் திறப்பது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அது அவருடைய ஜப்பான் மோட்டார் சைக்கிள்.

அந்தக் காலத்தில் அந்த வண்டி மூன்று மாடலாக வந்தது. தெருமுனையில் திரும்பும்போதே எது எந்த மாடல் என்று சொல்லிவிடுவார். பக்கவாட்டு மூடியில் காற்றுப்போக மூன்று பிளவு இருந்தால் முதல் மாடல், மொழுக்கென்று இருந்தால் இரண்டாவது. பின்விளக்கு சோப்புப் பெட்டி அளவில் இருந்தால் முதல் இரண்டில் ஒன்று, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஊதியிருந்தால் மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலே டேங்க். முதல் மாடலின் சிவப்பு டேங்கில் இரண்டு பக்கமும் பொன்நிறத்தில் ஒரு கோடு ஓடும், தொழிற்சாலையில் ஆள் உட்கார்ந்து பிரஷ்ஷால் இழுத்த கோடு. அடுத்த மாடலிலிருந்து கோடு போய் ஸ்டிக்கர் வந்துவிட்டது. ஒருமுறை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவர், வாசலில் நின்ற வண்டியை நகத்தால் சுரண்டி அது ஸ்டிக்கரா கோடா என்று சோதித்து, சொந்தக்காரனிடம் வசமாக மாட்டிக்கொண்டார். மாத்திரை இல்லாமல் வீட்டுக்கு வந்தார், ஆனால் முகமெல்லாம் மலர்ச்சி. "கோடுதான்" என்றார்.

அவருடையது சந்தேகமே இல்லாமல் முதல் மாடல். டேங்க் மட்டும் கறுப்பு. எப்போதோ துருவேறி ஓட்டை விழப் பார்த்தபோது கைக்குக் கிடைத்த கறுப்பு எனாமலை அடித்துவிட்டார். அன்றைக்கு அது வேலைக்குப் போகிற வண்டி, அவ்வளவுதான். பிற்காலத்தில் பழைய வண்டிகளுக்கென்று சங்கம் வரும், கண்காட்சி வரும் என்று யார் கண்டது? சங்கத்துக்காரர்கள் அவர் வண்டிக்குக் கரிச்சட்டி என்று பெயர் வைத்தார்கள். கண்காட்சியில் அதற்கு எப்போதும் கடைசி வரிசை. முதல் வரிசைக்குக் கை படாத வரிசை என்று பெயர். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிற வண்டிதான் அங்கே நிற்கலாம், அப்படி நின்ற வண்டிதான் சங்கத்தின் காலண்டரில் வரலாம். மாமனாரின் அறையில் வருஷம் முடிந்த காலண்டர்கூட ஆணியை விட்டு இறங்காது. ஒன்றின்மேல் ஒன்றாக அத்தனை வருஷமும் அந்த ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த ஆணியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் டேங்கைக் கழற்றித் தரச் சொன்னாள். கறுப்பைச் சுரண்டி எடுத்தபோது கீழே பழைய சிவப்பு எங்கும் மிஞ்சவில்லை. கம்பெனிச் சின்னத்தைக் கழற்றிய இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு பிழைத்திருந்தது. அதில் பொன்கோட்டின் ஒரு முனை. தடித்து வந்த கோடு அங்கே முடிபோல் மெலிய, அடுத்த இழுப்பு அதன்மேல் ஏறியிருந்தது. பிரஷ்ஷில் பெயிண்ட் தீர்ந்த இடம்.

வேறு யாராக இருந்தாலும் அதைத் தொழில் குறை என்று நினைத்திருப்பார்கள். அவள் கோடு இழுப்பவள் அல்லவா? சங்கத்தில் இருந்த மற்ற முதல் மாடல் வண்டிகளைத் தேடிப்போய், சின்னத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எல்லா டேங்கிலும் இரண்டு இழுப்பு சேர்கிற அந்த ஒட்டு ஒரே இடத்தில் இருந்தது. வலப்பக்கம் சின்னத்துக்கு அடியில், இடப்பக்கம் டேங்கில் முழங்கால் உரசுகிற ரப்பருக்குப் பின்னால். ஒரே ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, டேங்கைத் திருப்பித் திருப்பித் தன்னை நோக்கி இழுத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. முகம் தெரியாத அந்த ஆள்மேல் அவளுக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

ஒட்டுத் தெரியாமல் இழுப்பதுதான் பெருமை என்று இருந்தவள், ஒட்டுத் தெரிய இழுக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. இழுத்துப் பழகியதில் எண்ணெய் டின்னெல்லாம் பொன்கோடாயிற்று. வீட்டில் எண்ணெய் ஊற்றிவைக்கத்தான் டின் இல்லை. கடைசியில் டேங்குக்குச் சிவப்பு அடித்து, அதில் கோட்டை இழுத்து, காயவைத்து, மாமனார் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரியா இருக்கும்மா" என்றார்.

இவ்வளவுதானா? இரண்டு நாள் அவள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவும் தெரியவில்லை.

கண்காட்சி அன்று மாமனார் வழக்கம்போல வண்டியைக் கடைசி வரிசையில் நிறுத்தினார். மறுபடி பெயிண்ட் அடித்த வண்டிகளுக்கு அதுதான் இடம், அதில் அவருக்கு வருத்தமில்லை. அவளும் கணவனும் பக்கத்தில் நின்றார்கள். மதியம் நடுவர் வந்தார். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் செருகுகிற லென்ஸ் எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அதனால் எல்லோருக்கும் அவர் லென்ஸ்காரர். முதல் மாடலை அவரை மிஞ்சி அறிந்தவர் சங்கத்தில் இல்லை. அவர் காதில் பூச்சுற்ற வந்தவர்களெல்லாம் சுற்றிய பூவோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

வழக்கமாகச் சும்மா கடந்துபோகிறவர் கரிச்சட்டி நின்ற இடத்தில் நின்றுவிட்டார். மூடியின் பிளவைப் பார்த்தார், பின்விளக்கைப் பார்த்தார், லென்ஸை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டு நேராக வலப்பக்கம் போய்ச் சின்னத்தின் திருகைத் தளர்த்தி அடியில் பார்த்தார். அங்கிருந்து இடப்பக்கம் வந்து முழங்கால் ரப்பரை மெல்ல விலக்கிப் பார்த்தார். அவள் ஓரடி முன்னால் வந்தாள். தேட வேண்டிய இரண்டு இடத்திலும் தேடுகிற ஒரு மனிதரை இப்போதுதான் பார்க்கிறாள்.

லென்ஸ்காரர் நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. இந்த வண்டியை இங்கே நிறுத்தியது யார் என்று அதட்டினார். பிற்பாடு பெயிண்ட் அடிக்கிறவர்கள் எல்லோரும் ஒட்டை மறைத்து அழகாக இழுத்துவைத்து அதிலேயே மாட்டிக்கொள்வார்கள் என்றும், இது தொழிற்சாலைக் கோடு என்றும், கறுப்பு எனாமலுக்கு அடியில் இத்தனை நாள் பத்திரமாக இருந்திருக்கிறது என்றும் கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். வண்டியை உடனே முதல் வரிசைக்குக் கொண்டுபோகச் சொன்னார். காலண்டருக்குப் படம் எடுக்கிறவரை யாரோ கூப்பிட ஓடினார்கள்.

கணவன் அவளைக் கவலையோடு பார்த்தான். அவள் வாய் அவனுக்குத் தெரியும். நியாயமாகப் பார்த்தால் அந்நேரம் கண்காட்சித் திடலே அதிர்ந்திருக்க வேண்டும். இது நான் இழுத்தது என்ற மூன்று சொல் அவள் தொண்டை வரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. இப்படி ஒரு பாராட்டு இனி வாழ்நாளில் கிடைக்குமா? அதுவும் லென்ஸ்காரர் வாயிலிருந்து?

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பையிலிருந்து சீப்பை எடுத்து, தலையில் மிச்சமிருந்த நாலு முடியைப் படியவைத்தார். அறையில் காலண்டர்கள் தொங்குகிற அந்த ஆணி அவள் நினைவுக்கு வந்தது. தொண்டையில் நின்றதை அப்படியே விழுங்கினாள். அது இறங்க வலித்தது, ஆனாலும் விழுங்கினாள்.

படம் எடுப்பவர் வந்துவிட்டார். லென்ஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து, டேங்கின்மேல் கையை வைத்துச் சொன்னார்: "நல்லாப் பார்த்துக்கங்க. இப்படி ஒரு கோடு இழுக்க இன்னைக்கு ஆள் கிடையாது. அந்தக் கையோட போச்சு."

மாமனாரின் கையில் சீப்பு நின்றது.

"ஆள் இருக்கு சார்" என்றார். கூட்டத்தில் யார் பேசியது என்று பலருக்குத் தெரியவில்லை, அவ்வளவு அபூர்வமான குரல் அது. அவர் மறுபடி, இந்த முறை உரக்கச் சொன்னார்: "இது கை படாத வண்டி இல்லை சார். கை பட்டிருக்கு. என் மருமக கை. இதோ நிக்கிறா பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மாமனார் விடவில்லை. சின்னத்துக்கு அடியில் கிடைத்த துண்டிலிருந்து எண்ணெய் டின் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். பார்க்காதவர் போல இருந்தவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எந்த டின்னில் கை நடுங்கியது, எதில் ஒட்டு சரியாக விழுந்தது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

லென்ஸ்காரர் லென்ஸை மறுபடி செருகிக்கொண்டு குனிந்தார். இரண்டு ஒட்டையும் பார்த்துவிட்டு எழுந்து அவளிடம் வந்து, எந்தப் பக்கம் உட்கார்ந்து இழுத்தாள் என்று கேட்டார். காட்டினாள். அவர் தலையாட்டினார்.

"என்னை ஏமாத்தின முதல் கோடு இதுதாம்மா" என்றார். ஏமாந்தவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. ஆனாலும் விதி விதிதான், இந்த வண்டி முதல் வரிசைக்குப் போக முடியாது, காலண்டரிலும் வராது என்று மாமனாரிடம் வருத்தத்தோடு சொன்னார். தெரியும் என்றார் மாமனார். படம் எடுப்பவர் வேறு வண்டியைத் தேடிப் போனார்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எதற்காக மாமா சொன்னீர்கள், நான்தான் சும்மா இருந்தேனே என்று அவர் பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"நீ சும்மா இருந்தியே, அதைத்தாம்மா என்னால தாங்க முடியலை" என்றார் அவர்.

சொல்லிவிட்டு நின்றிருந்தால் பரவாயில்லை. நிற்காமல் பக்கத்து வண்டிக்காரரைத் தோளில் தட்டிக் கூப்பிட்டார். இந்தக் கோட்டைப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்தார். அவருக்குச் சொல்லி முடிந்ததும் அடுத்தவர், அதற்கும் அடுத்தவர். முதல் வரிசைக்காரர்கள்கூடத் தங்கள் வண்டியை விட்டுவிட்டுக் கடைசி வரிசைக்கு வந்து வரிசைகட்டிக் குனிந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் சின்னத்தின் அடியிலிருந்து ஆரம்பித்து முழங்கால் ரப்பரில் முடித்தார், முடித்ததும் அவளைக் கைகாட்டினார்.

"போதும் மாமா" என்றாள் அவள்.

யாராவது புகழும்போது அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாமனாரின் காதில் அது விழவில்லை. அவர் அடுத்தவருக்காக முழங்கால் ரப்பரை விலக்கிக்கொண்டிருந்தார்.