தட்டைக் கீழே வைக்க இடமில்லை

1

இந்தக் கதை ஒரு தட்டிலிருந்து பிறந்தது. அந்தத் தட்டு கிடையாது. வெறும் கைகள்தான். நீங்கள் நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகம். எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம்தான்.

‘திருப்பூரின் மேல் மாலைச் சூரியன் பொன்னை உருக்கி...’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அங்கே இருந்தது டியூப்லைட்.

2

பனியன் கம்பெனியில் ஆண்டு விழா நாடகம். கட்டிங் மாஸ்டர் ராசப்பனுக்குப் பெரிய மீசை, அதனால் ராஜா வேடம். பழக்கிவிட மாதவன் என்றொரு வாத்தியார் வந்தான். வசனமே கொடுக்கவில்லை.

“முதல்ல காது கொடுக்கப் பழகணும். எதிர்ல இருக்கறவங்க என்ன சொன்னாலும் ஆமாங்கன்னு ஏத்துக்கிட்டு, மேல ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். இல்லீங்கன்னு சொன்னா அவுட். வேஷம் அடுத்தவருக்கு.”

“பொய் சொன்னாலுமுங்களா?” என்றார் ராசப்பன்.

“சொன்னாலும்.”

“இதுக்குச் சம்பளம் வேற வாங்கறீங்களா தம்பி?”

ராசப்பன் அவுட்டானால் ராஜா வேடத்துக்கு அடுத்த ஆளான டெய்லர் சண்முகவேல் சிரித்தான்.

3

ஆட்டத்தில் ராசப்பனுக்கு எதிரே செக்கிங் பிரிவுப் பாண்டியம்மாள். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவள் மகன் முனீசும் ராசப்பன் மகள் பூங்குழலியும் விரும்புகிறார்கள். பெண் கேட்டுப் போனவளை, வெளியூர்ச் சம்பந்தம் ஆகாதென்று ராசப்பன் திருப்பி அனுப்பியிருந்தார்.

(இவளை நான் நம்பவில்லை. மாதவன் நிறுத்தியது வேறு ஆளை. இவளாக வந்து நின்றுகொண்டாள். எழுதுகிற நானே தடுக்க முடியவில்லை.)

“அண்ணே, மழை ஊத்துதே.”

“ஆமாங்க, கொடை கொண்டாந்திருக்கறனுங்க.”

“மீசை நனையுதே.”

“ஆமாங்க, புழிஞ்சு காயப்போட்டுக்கறனுங்க.”

கைதட்டல். ராசப்பனுக்கு ஆட்டம் பிடித்துப்போயிற்று. மனிதன் இப்படித்தான் கைதட்டலில்... வேண்டாம், கதைக்கு வருவோம்.

“ஒங்க மகளை எம்மகனுக்குத் தர்றதாப் பேசி முடிச்சிட்டோமே.”

ஒத்திகை பார்க்க வந்த பூங்குழலி வாசலில் டீ டம்ளரை வாயில் வைத்தபடி நின்றாள். சண்முகவேல் தன் சின்ன மீசையைத் தடவினான். அதைப் பார்த்ததும் ராசப்பன், “ஆ...மாங்க” என்றார். மேலே ஒன்று சேர்க்க வேண்டுமே. “அவிநாசிக் கோயில்லயே வெச்சுக்கலாமுங்க.”

பாண்டியம்மாள் காற்றிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். “வெத்தலை, பாக்கு, தேங்கா, பழம், பூ. புடிங்க சம்பந்தி.”

வாங்கிவிட்டார். தேங்காய்க் கனத்துக்குக் கை தாழ்ந்தது.*

*நல்ல நடிகர். அதுதான் வினை.

4

“சரி, போதும்” என்றான் மாதவன். யாரும் கேட்கவில்லை. ஒருத்தி குலவையிட்டாள்.

“மாமா, தட்டு வாங்கீட்டீங்க. இத்தன பேரு பாத்துட்டமுங்க” என்றான் சண்முகவேல்.

“அட, வெளையாட்டுடா!”

“அப்பக் கீழ வச்சிருங்க” என்றாள் பாண்டியம்மாள்.

ராசப்பன் குனிந்தார். வெற்றிலை பாக்குத் தட்டைத் தரையிலா? நிமிர்ந்தார்.

5

முடிவு ஒன்று: வைத்துவிடுகிறார். (எழுதினேன். பூங்குழலி என்னை முறைத்தாள். கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: மனம் மாறி, மகளைக் கூப்பிட்டு... ராசப்பனா? ஒரு மீட்டர் துணியை மூன்று தடவை அளக்கிற ஆள்.

முடிவு மூன்று: மாதவனிடம் கொடுக்கிறார். அவன் பின்னால் நகர்ந்துவிட்டான்.

“எழுதறவரே, நீங்களாச்சும் புடிங்க.”

மாட்டேன். எனக்கும் கல்யாண வயதில் பேத்தி இருக்கிறாள்.

இப்போது அவர் உங்கள் பக்கம் திரும்புகிறார்.

“கண்ணு, இதைக் கொஞ்சம் புடி. மூக்கு அரிக்குது.”