அப்பாவும் அவரும் மூன்று சுற்றும்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பழைய வீடியோ கேம் ஒன்றைப் பற்றி எழுதித் தரும்படி ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். தற்காப்புக் கலை வீரர்கள் இருவர் இருவராக மோதிக்கொள்ளும் அந்தச் சண்டை விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, இப்படித் தொடங்கினேன்:

‘இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். தலைக்கு மேல் ஆளுக்கொரு மஞ்சள் கோடு. அடி விழ விழக் கோடு குறையும். இத்தனை எளிமையான ஒரு—’

(எளிமையான ஒரு என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

அடுத்து: ‘ஒவ்வொரு குத்துக்கும் ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். பின்னால் வேடிக்கை பார்க்கும் கூட்டம், யார் விழுந்தாலும் ஒரே கையை ஒரே மாதிரி ஆட்டும். அப்பா—’

அப்பா என்று எழுதியதுமே கட்டுரை படுத்துவிட்டது. கதை எழுந்து உட்கார்ந்துகொண்டது.

2

அப்பா பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்தால் சீருடையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஆடுவார். எப்போதும் நீளப் பின்னல் போட்ட வீராங்கனையைத்தான் எடுப்பார். “இவதான் யோசிச்சு அடிப்பா” என்பார். அவள் பாய்ந்தால் இவரும் வளைவில் வண்டி திருப்புகிறவர்போல் உடம்போடு சாய்வார். நான் தோற்றால் ஆறுதல் கிடையாது. “இன்னொரு தடவ வா” என்பார், அவ்வளவுதான்.

வளர்ந்தேன். அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி, நானே ஒருவரைத் தேடிக்கொண்டேன். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பின் எங்கள் வாசற்படியையும் மிதிக்கவில்லை.

போன மாதம் அம்மாவுக்கு மூட்டில் அறுவை சிகிச்சை. மருத்துவமனை எங்கள் தெருமுனையில். வேறு வழியில்லாமல் அப்பா பையோடு வந்து இறங்கினார்.

என் கணவரோடு என் வழியாகத்தான் பேசினார். அவர் எதிரிலேயே நிற்கும்போது, “குளியலறை விளக்கு எரியலன்னு அவர்கிட்ட சொல்லும்மா” என்பார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. (வாசகரே, ஒருவரை வெளியே நிறுத்தி வைக்க நம் மொழியில் மரியாதையைப்போல் வேறு தாழ்ப்பாள் கிடையாது.)

3

இனி என் கணவர். முதல் வரைவில் அவரைப் பொறுமையின் சிகரமாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு அவரே, “யாரு இந்த ஆளு?” என்றார். திருத்துகிறேன். அவர் ரோஷக்காரர். கேரம் ஆட்டத்தில் தோற்றால் அன்றைய சாப்பாட்டில் உப்பில்லை என்பார்.

அந்த ரோஷத்தில்தான் ஒரு ஞாயிறு மாலை, பரணில் கிடந்த என் பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கி, அறுந்த வயரைப் பற்றவைத்து, டிவியில் மாட்டினார். அப்பா முன்னால் ஒரு ஜாய்ஸ்டிக்கை வைத்தார்.

“என்மேல கோவம்னா அடிங்க மாமா. ஆனா நானும் அடிப்பேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். “அவருக்கு ஆடத் தெரியுமான்னு கேளு.”

4

முதல் சுற்றில் பின்னல்காரி, என் கணவர் எடுத்த தாடிக் கிழவரைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளி, மூலையில் வைத்து மொத்தினாள். கிழவர் திருப்பி ஒரு குத்துகூட விடவில்லை. வென்ற அப்பாவின் முகத்தில் சிரிப்பில்லை. முதன்முறையாக என் கணவரை நேராகப் பார்த்தார்.

“விட்டுக்கொடுத்து ஆடுறதா இருந்தா ஆடவே வேணாம்.”

“விட்டுக்கொடுக்கல மாமா. பட்டன் ஒட்டிக்கிச்சு.”

(இன்றுவரை அதையே சொல்கிறார். இந்தக் கதையில் எனக்கே பிடிபடாத இடம் இது ஒன்றுதான்.)

இரண்டாவது சுற்றில் பட்டன் ஒட்டவில்லை. கிழவர் குனிந்து குனிந்து காலை வாரினார். பின்னல்காரி எழுவாள், விழுவாள். அப்பா உடம்போடு சாய்ந்ததில் தோளும் தோளும் இடித்துக்கொண்டன.

இங்கே அப்பா அவரை ‘மாப்பிள்ளை’ என்று அழைத்ததாக எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது வேறு.

“டேய், குனிஞ்சு குனிஞ்சு அடிக்காதடா. நிமிந்து நின்னு ஆடு.”

சொன்னது அப்பாவுக்கே கேட்டிருக்க வேண்டும். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் கணவரும் எடுக்கவில்லை.

“நீங்க மட்டும் மூலைல வெச்சு அடிக்கலாமா மாமா?”

“அது தெறம.”

“அப்ப இதுவும் தெறமதான்.”

அந்தச் சுற்று என் கணவருக்கு. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் நின்றேன். ஏனென்று எழுத மாட்டேன்.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. அப்பா வென்று மனம் குளிர்வது ஒன்று. கணவர் வென்று, அப்பா பையைக் கட்டுவது ஒன்று. நடுவில் மின்சாரம் போய்விடுவது இன்னொன்று (சோம்பேறிகளுக்கு).

உண்மையில் நடந்தது இது. மூன்றாவது சுற்றில் இருவர் கோடும் நூலளவுக்கு வந்தபோது, அம்மா மருத்துவமனையிலிருந்து போன் செய்தாள். இங்கே கிளம்பிய கூச்சல் அவளுக்குக் கேட்டுவிட்டது.

“என்னடி சத்தம்? உங்கப்பா மாப்பிள்ளையோட சண்ட போடுறாரா?”

“ஆமாம்மா. டேய்னு சொல்லிட்டாரு.”

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மாப்பிள்ள என்ன பண்றாரு?”

“திருப்பி அடிக்கிறாரு.”

மறுமுனையில் மூச்சு தளர்வதும், பிறகு அது சிரிப்பாவதும் கேட்டது. “சரி, யாரு ஜெயிக்கிறாங்க?”

திரும்பிப் பார்த்தேன். பின்னல்காரி காற்றில் இருந்தாள். கிழவர் அவளுக்குக் கீழே. அடுத்த நொடி ஒருவர் விழுந்தார். அம்மாவுக்குச் சொன்னேன், யாரென்று. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இவ்வளவு நேரமும் அந்த இருவரில் யார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தீர்களோ, அவர்தான் ஜெயித்தார்.