பத்தடி தள்ளி நின்ற மரம்

வெட்ட வேண்டிய மரத்துக்குச் சிவப்பு வட்டம் போடுவதுதான் அவர் வேலை. அதே காட்டில் மழைக்காலத்தில் காளான் பறித்து விற்றுக் குடும்பத்தை ஓட்டியவள் அவருடைய அக்கா. காளான் முளைக்கும் இடத்தைப் பெற்ற மகளுக்குக்கூடக் காட்டாதவள், தம்பிக்கு மட்டும் காட்டியிருந்தாள்.

காளான் முளைக்கும் பக்கத்திலும் ஒரு மரமாவது வேண்டும் என்று மரவெட்டு மேஸ்திரி ஒற்றைக்காலில் நின்றபோது, அவர் காளான் மண்ணிலிருந்து பத்தடி தள்ளி நின்ற கிழட்டு மரத்துக்கு வட்டம் போட்டார். அதை எதிர்ப்பக்கமாகச் சாய்க்கவும் வைத்தார். பெரிய கெட்டிக்காரர் என்று நினைப்பு!

"உன் மண்ணுல ஒரு செருப்பு படலக்கா."

"என் வயித்துல பாலை வார்த்தடா" என்றாள் அக்கா.

அடுத்த மழைக்கு ஒரு காளான் இல்லை. அதற்கடுத்த மழைக்கும் இல்லை. அக்கா குற்றவாளியைத் தேடி வெளியே போகவில்லை. கடைசியாகப் பறித்த அன்று மகளுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்ததாம். கத்தியால் அறுக்காமல் கொத்துக் கொத்தாக அடியோடு பிடுங்கிப் போட்டுக்கொண்டு ஓடினாளாம்.

"நானே என் கையால கொன்னுட்டேன்டா" என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னாள். ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனாள்.

போன மாதம் கன்று எடுக்கப் போனபோது நாற்றுப் பண்ணைக்காரி ஒரு கன்றைப் பிடுங்கி வேரைக் காட்டினாள். அதில் வெள்ளையாக நூல் நூலாய் ஒட்டியிருந்தது.

"இதுதான் காளானோட உடம்பு. மேல முளைக்கிறது வெறும் தலை. மரம் இதுக்குச் சாப்பாடு கொடுக்கும், இது மரத்துக்குத் தண்ணி தேடிக் கொண்டாரும். சில காளானுக்கு இன்ன மரம்தான்னு இருக்கு."

"மரம் பத்தடி தள்ளி இருந்தா?"

"வேர் அதுக்கு மேலயும் போகுமே! அந்த மரத்தை வெட்டினா இது பட்டினிதான்."

அவர் அன்றே அக்காவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டார். நாலு தடவையும் அவள் தன்னையே திட்டிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு, மோர் ஊற்றச் சொன்னார். இப்படியும் ஒரு மனுஷன்.

ஐந்தாம் ஞாயிறு அக்கா காளான் கத்தியைத் துணியில் சுற்றி நீட்டினாள். "நீ வச்சுக்கடா. இதைத் தொட எனக்கு யோக்கியதை இல்ல."

அவர் வாங்கவில்லை.

"அக்கா, நீ பிடுங்குனதால இல்ல. நான் வெட்டவச்ச அந்த மரந்தான் அதுக்குச் சோறு போட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சு ஒரு மாசம் ஆகுது. வாய் வரல."

திட்டுவாள், கத்தியை மூஞ்சியில் எறிவாள் என்று காத்திருந்தார். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் கொல்லலையா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

"நிஜமாவா? நான் பிடுங்குனதால இல்லையா?"

"சத்தியமா இல்ல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருடப் பாரம் இறங்கிய அழுகை அது. அதில் ஒரு மாதம் முழுக்க முழுக்க அவர் ஏற்றி வைத்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கத்தியைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"சோறு ஆறுது, உக்காருடா" என்றாள்.

அன்று அவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.