வாஷ்பேசின் அருகே ஒரு சண்டை

ஒரு வாரப் பத்திரிகையில் வாராவாரம் எட்டுப் பக்கம் அவளுடையது. ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒரு பெண்ணின் கதையை ஆறு வருஷமாகக் காமிக்ஸாக வரைந்துகொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குக் கிறுக்கி என்று பெயர். சின்ன வயதில் சுவரெல்லாம் கிறுக்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர், முப்பத்தெட்டு வயதிலும் விடவில்லை. வேறு அர்த்தத்திலும் பொருத்தம்தான் என்பார் அத்தான்.

அக்கா வீட்டு மாடி அறையில்தான் அவள் குடியிருப்பு, வேலை எல்லாம். அக்கா குழந்தைகள் வார்டில் நர்ஸ். அத்தான் பக்கத்துத் தெருப் பிரார்த்தனை மண்டபத்தின் செயலாளர்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்த அக்கா, ஷூவைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“நாலு வயசுப் பையன். பதினோரு நாள் போராடினோம். இன்னைக்குப் போயிட்டான்.”

கிறுக்கி பேனாவை மூடி வைத்தாள்.

“அவன் அம்மா முன்னாடி அழக் கூடாதுன்னு வாஷ்பேசின் பக்கம் போனேன். குழாயைத் திறந்து விட்டுட்டுக் கடவுளைத் திட்டித் தீர்த்தேன். நீ ட்யூட்டில இருந்தியா இல்லையான்னு கேட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? தண்ணி ஓடுற சத்தம்தான். ஆனா திட்டி முடிச்சதும் அடுத்த பிள்ளைக்கு ஊசி போட முடிஞ்சுது.”

“இதை வரையட்டுமா அக்கா?”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “வரை. அழகா மட்டும் வரைஞ்சுடாத. அப்போ என் முகம் அழகா இல்ல.”

ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண் அந்த வாரம் ஆஸ்பத்திரி வாஷ்பேசின் முன்னால் நின்று கடவுளிடம் கேட்டாள். அடுத்த கட்டத்தில் வெறும் தண்ணீர் ஓடியது.

பத்திரிகை ஆசிரியர் பக்கங்களை இரண்டு தடவை புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தவரே அவர்தான்.

“படம் பிரமாதம். ஆனா இந்தக் கடவுள் வேண்டாமே. கும்பிடறவனும் கோவிச்சுப்பான், கும்பிடாதவனும் கோவிச்சுப்பான். அந்த மாதிரி விஷயத்துக்குத் தனிப் புத்தகங்கள் இருக்கு. இங்க ‘ஐயோ’ன்னு மட்டும் போட்டுடலாம்.”

“போன மாசம் இவ பாலத்துல இருந்து வண்டியோட குதிச்சா சார். அதை நம்பினீங்க. ஒரு குழந்தை சாகறதைப் பார்த்துட்டு மேல பார்த்து ஒரு கேள்வி கேட்டா, அதை நம்ப முடியலையா?”

“நம்பறது நம்பாததைப் பத்திப் பேச்சில்லம்மா. இது காமிக்ஸ்.”

“காமிக்ஸ்ல மனுஷங்க இருக்கலாம்னா அவங்க மனசுல இருக்கறதும் இருக்கலாம். ஒரு எழுத்தை மாத்த மாட்டேன்.”

பக்கங்களை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். அந்தக் கதாபாத்திரம் பத்திரிகைக்குச் சொந்தம். அடுத்த வாரம் அதே பெண்ணை வேறு ஒருவர் வரைந்திருந்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி திருடனைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாளே உட்கார்ந்து எட்டுப் பக்கத்தையும் திரும்ப வரைந்தாள். இந்தத் தடவை வாஷ்பேசின் முன்னால் நின்றவள் நர்ஸ். முந்நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஸ்டேப்ளர் அடித்தாள். பாதி பேருந்து நிலையக் கடைக்குப் போனது. மீதியை அக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். ஒரே வாரத்தில் எல்லாம் தீர்ந்தது.

அதில் ஒன்று பிரார்த்தனை மண்டபத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அத்தான் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

“அங்க எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்கம்மா. கடவுளைப் பொம்மைப் புத்தகத்துல இழுத்துட்டியாம். வாரக் கூட்டத்துக்கு வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. என் தலை உருளுது.”

“உள்ள கடவுள் இருக்காருன்னு ஆசிரியர் கதையைத் தள்ளினாரு. புத்தகத்துக்குள்ள ஏன் வந்தாருன்னு நீங்க கோவிச்சுக்கறீங்க. எல்லாருமாச் சேர்ந்து அவரை எங்கதான் இருக்கச் சொல்றீங்க அத்தான்?”

“வருவியா, மாட்டியா?”

“வரேன்.”

மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். அவள் எழுந்து நின்றாள். “மன்னிப்புக் கேக்க வரல. எந்த வரி தப்புன்னு சொல்லுங்க, பேசலாம்.”

தலைவர் புத்தகத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். “‘நீ ட்யூட்டில இருந்தியா இல்லையா?’ இப்படியா கடவுளைக் கேக்கறது? எப்படித்தான் உனக்கு எழுத மனசு வந்தது?”

“எழுதினதுதான் அவ. கேட்டது நான்.”

எல்லோரும் திரும்பினார்கள். வார்டிலிருந்து நேரே வந்த அக்கா, யூனிஃபார்மோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அத்தானுக்கு முகம் வெளுத்தது. அவரிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை.

“அப்போ நீதான் மன்னிப்புக் கேக்கணும்” என்றார் தலைவர்.

“உங்ககிட்ட நான் கேக்கலையே ஐயா. யார்கிட்ட கேட்டேனோ அவருக்குக் கோவம்னா அவரே சொல்லட்டும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார்கள். அரை மணி நேரம் கசகசவென்று பேசி, அந்தப் புத்தகம் மண்டபத்துக்குள் வரக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

“சரி, வெளியே வெச்சுக்கறேன்” என்றாள் கிறுக்கி.

சொன்னபடியே அடுத்த வாரம் புதிதாகப் பிரதி எடுத்து, மண்டபத்தின் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு பெண்மணி மட்டும் நின்று இரண்டு பிரதி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அத்தான் மனைவியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “என்கிட்ட ஏன் சொல்லல?”

“அப்படிப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருப்பீங்க.”

அவர் இல்லை என்று சொல்லவில்லை. கிறுக்கியிடம் ஒரு மாதம் பேசவே இல்லை.

ஆசிரியர் போன் செய்தார். பழையபடி அவளே வரைந்தால்தான் படிப்போம் என்று வாசகர்கள் எழுதுகிறார்களாம். “திரும்பி வாம்மா. கடவுள் விஷயம்கூட எப்பவாவது, லேசா, அளவா இருக்கலாம்.”

“அளவு பார்த்து வரைய எனக்கு வராது சார்” என்று சொல்லிவிட்டாள். வருமானம் போனது போனதுதான். பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் போட்டு ஒப்பேற்றினாள்.

இப்போது இரண்டாவது புத்தகம் நடக்கிறது. அதில் ஒரு தாய், கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் பிரார்த்தனை செய்கிறாள். நர்ஸுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. நர்ஸ் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்கிறாள்.

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “இந்த அம்மா என்னைப் பேசவே விட மாட்டேங்கறாளே.”

“அவளும் பேசட்டும்” என்றபடி கிறுக்கி அடுத்த கட்டத்துக்குக் கோடு போட்டாள்.